ஊர்ல டவர் நிக்கிற சிம்மா, சிட்டியில 5ஜி பறக்குற சிம்மா, எதை வச்சுக்கட்டுமுங்க?

திம்பம்_தாண்டி

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் கோயமுத்தூர் சரவணம்பட்டில ஐடில இருக்கேன், சொந்த ஊரு தாளவாடி பக்கம். பண்ணாரில இருந்து திம்பம் 27 வளைவு ஏறி ஆசனூர் தாண்டிப் போகணும். இப்ப கம்பெனில வாரத்துல பாதி நாள் வீட்ல இருந்தே வேலை பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க, அப்பாவும் தனியா இருக்காரு, சரி அந்த நாளெல்லாம் ஊர்லயே இருந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

பிரச்சனை சிம்மு தான். என்கிட்ட ரெண்டு இருக்குது, கம்பெனி பேரு வேண்டாமுங்க, சொன்னா இங்க ரசிகர் சண்டை ஆயிடும், அ, ஆ னு வச்சுக்கலாம். அ சிம்முல கோயமுத்தூர்ல 5ஜி பிச்சுக்கிட்டு போகுது, ஒரு படமே கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள இறங்கிருது. ஊருக்குப் போனா திண்ணைல நின்னா ஒத்தக் கோடு, வீட்டுக்குள்ள வந்தா அதுவும் இல்ல. ஆ சிம்மு ஊர்ல தோட்டத்துக் கடைசி வரைக்கும் 4ஜி நிக்குது, ஆனா அதுல எனக்கு 5ஜி இல்ல, சிட்டில சாயங்காலம் ஆச்சுன்னா வாட்ஸ்ஆப்ல ஒரு போட்டோ போறதுக்குள்ள டீயே ஆறிப் போயிரும்.

அ தான் என்ற பழைய நம்பர், பேங்க், ஆதார், பிஎஃப் எல்லாம் அதுல. ரெண்டுக்கும் மாசாமாசம் முழு ரீசார்ஜ் போட மனசு வரல. ஆபீஸ்ல ஒரு நண்பன் இன்னும் கொஞ்ச நாள் பொறு, 5ஜி எல்லா ஊருக்கும் வந்துரும்னு சொல்றான். எங்களுக்கு ராத்திரி யானை வந்தா பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன் தான் பண்ணுவாரு, அந்த போன் வரலன்னா மஞ்சக்காடு போச்சு, ராகியும் போச்சு. அதனால கேக்குறேன், எதை வச்சு முடிவு பண்றதுங்க?


எல்லாமே5ஜி

இதுல என்ன ப்ரோ யோசனை, 5ஜி தான். 2022 அக்டோபர் 1 லாஞ்ச் பண்ணாங்க, அப்ப ஏர்டெல் லிஸ்ட்ல எட்டு சிட்டி தான் இருந்துச்சு, சென்னை அதுல ஒண்ணு, இப்ப பாருங்க சின்ன டவுன்லயே வந்துருச்சு. ஸ்பீடு, அன்லிமிடெட் டேட்டா ரெண்டும் 5ஜில தான். ஊர்ல டவர் கம்மினா ஆன்லைன்ல சிக்னல் பூஸ்டர் விக்கிறான், ஒண்ணு வாங்கி ஓட்டு மேல மாட்டிடுங்க, முடிஞ்சுது மேட்டர்.


ஆர்எஃப்_அண்ணாச்சி

தம்பி எல்லாமே5ஜி, அந்த பூஸ்டர் மேட்டர மொதல்ல அழிங்க. லைசென்ஸ் இல்லாம மொபைல் ரிப்பீட்டர் மாட்டுறது நம்ம நாட்டுல சட்டப்படி குத்தம், மாட்டுனா பக்கத்துல உள்ள டவருக்கு இரைச்சல் ஏத்தி ஊருக்கே கால் கட் ஆகும், தேடி வந்து புடுங்கிட்டுப் போவாங்க. அந்தப் பேச்சே வேண்டாம்.

இனி கேள்விக்கு வாரேன். நான் டவர் வேலைல ரொம்ப வருசமா கெடக்கேன், திருநெல்வேலிப் பக்கம், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்லுதேன்.

சனங்க 4ஜியா 5ஜியானு பாக்காங்க. அதைவிட முக்கியம் எந்த அலைவரிசைல வருதுங்கறது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் தாழ்ந்த பேண்டு, ரொம்ப தூரம் போவும், மரம் செவரு தாண்டி உள்ள வரும், ஆனா ரோடு குறுகல், ஒரே நேரத்துல நெறைய டேட்டா போவாது. 5ஜி ஸ்பீடுனு நீங்க பாக்கது பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ், நல்ல அகலம், ஆனா ரெண்டு கான்கிரீட் செவரு வந்தாலே மூச்சு வாங்கும். மலைல, காட்டுல, ஒத்த டவர் அஞ்சாறு கிலோமீட்டர் பாத்துக்கிடணும்ங்கற எடத்துல 3300 போட்டு என்ன செய்ய? 2022 ஆகஸ்ட்ல முடிஞ்ச ஏலத்துல 700 மெகாஹெர்ட்ஸ வாங்குனது ஜியோ மட்டுந்தான், அவங்க 5ஜிக்கு அதையும் சேத்து ஓட்டுதாங்க. பிஎஸ்என்எல்லுக்கு அரசாங்கமே 700 குடுத்துருக்கு, அத அவங்க 4ஜிக்கு ஓட்டுதாங்க. ஏர்டெல்லுக்கு 900ல 4ஜி உண்டு. ஆக 5ஜினு ஒரே எழுத்து போட்டுருந்தாலும் எல்லாம் ஒரே சரக்கு இல்ல பாத்துக்கிடுங்க.

இன்னொண்ணு, போன் மேல தெரியுற 5ஜி எழுத்த நம்பாதீங்க. ஏர்டெல் 5ஜி ஆரம்பிச்சது என்எஸ்ஏ முறைல, அதாவது 4ஜி டவர் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் 5ஜி நடக்கும். அந்த முறைல சில போன் இந்த 4ஜி டவர்ல 5ஜி வசதி இருக்குன்னு தெரிஞ்ச உடனேயே 5ஜினு எழுத்தப் போட்டுரும், நெசத்துல டேட்டா 4ஜிலேயே ஓடிக்கிட்டு இருக்கும். ஜியோ ஆரம்பத்துலேந்தே எஸ்ஏ, தனி 5ஜி, அதுக்கு உங்க போன் எஸ்ஏ எடுக்கணும்.

இப்ப கோடு எண்ணுத வேலைய விடுங்க. ஒவ்வொரு போன்காரனும் அவன் இஷ்டத்துக்குக் கோடு போடுவான். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் போயி, அபவுட் போன், அதுல சிம் ஸ்டேட்டஸ், அங்க சிக்னல் ஸ்ட்ரெங்த்துனு ஒரு மைனஸ் நம்பர் டிபிஎம்ல இருக்கும். மைனஸ் 90க்குள்ள இருந்தா ஜம்முனு இருக்கு. மைனஸ் 100 பக்கம் சமாளிக்கலாம். மைனஸ் 110 தாண்டுனா கால் வரும் போவும், 120க்கு மேல சும்மா பேருக்கு. வீட்டுக்குள்ள, திண்ணைல, தோட்டத்துல, படுக்குற எடத்துல ரெண்டு சிம்முக்கும் பாத்து எழுதுங்க. ராத்திரி யானை போன் வரணும்னா படுக்குற எடத்து நம்பர் தான் முக்கியம்.


பந்தலூர்_டீ

நான் பந்தலூர், எங்களுக்கும் இதே கதை, யானையும் சேத்து. அண்ணாச்சி சொன்னதோட சில விஷயம் சேர்த்துக்கோங்க.

புது சிம் வாங்காமயே ஊர்ல யார் யார் டவர் வருதுன்னு பாக்கலாம். செட்டிங்ஸ்ல மொபைல் நெட்வொர்க் போயி ஆட்டோமேட்டிக்னு இருக்கறத ஆஃப் பண்ணா ரெண்டு மூணு நிமிஷம் தேடிட்டு அந்த எடத்துல கேக்குற எல்லா கம்பெனி பேரும் வரும், 4ஜியா 5ஜியானு கூட பக்கத்துல போடும். பாத்து முடிச்சதும் மறக்காம திரும்ப ஆட்டோமேட்டிக்ல வைங்க, இல்லனா கோயம்புத்தூர் போனாலும் போன் முழிச்சுட்டே நிக்கும். அப்புறம், உங்க சிம்ல எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லினு காட்டுச்சுனா அங்க உங்க கம்பெனிக்கு டவர் இல்ல ஆனா வேற யாருக்கோ இருக்குன்னு அர்த்தம், 112 அடிச்சா அந்த டவர் வழியா போகும். நோ சர்வீஸ்னு வந்தா தான் யாருமே இல்ல. காட்டு ரோட்ல போறவங்க இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு வச்சுக்கணும்.

மேப் பாக்கணும்னா ட்ராய், அதாவது டெலிகாம் கம்பெனிகள ஒழுங்குபடுத்துற அரசு ஆணையம், 2024ல கொண்டு வந்த சேவைத்தர விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் அவங்க வெப்சைட்ல 2ஜி, 4ஜி, 5ஜி தனித்தனியா கவரேஜ் மேப் போட்டே ஆகணும், போட்டிருக்காங்க. தரங் சஞ்சார்னு அரசாங்க சைட் ஒண்ணு இருக்கு, அதுல உங்க ஊரைச் சுத்தி எந்தெந்த டவர் இருக்குன்னு பாக்கலாம். ஆனா மேப்ல கலர் அடிச்சிருக்கறத பாத்து சிம் வாங்கிடாதீங்க, எங்க எஸ்டேட் முழுக்க மேப்ல கலர் தான், நேர்ல லைன் வீட்டுக்குப் பின்னாடி சரிவுல இறங்குனா ஒண்ணும் கிடையாது.

மேப்ப விட நல்ல ஆள் ரேஷன் கடைக்காரர். கடைல அந்த விரல் ரேகை மெஷினுக்குள்ள ஒரு சிம் இருக்கும், எந்த கம்பெனி போட்டா வேலை ஆகுதுன்னு அவருக்கு தான் தெரியும், ஏன்னா நெட் இல்லனா வரிசைல நிக்கிறவங்க திட்டு வாங்குறது அவர்தான். பால் சொசைட்டி, மளிகைக் கடைல பணம் வந்துச்சுனு கத்துற அந்த ஸ்பீக்கர், எல்லாத்துக்குள்ளயும் சிம் தான். பஸ் கண்டக்டர் கிட்ட கேட்டா திம்பம் ரோட்ல எந்த வளைவுல எந்த சிம் எடுக்கும்னே சொல்லுவார்.

முக்கியமா ஒண்ணு, கரண்ட் போனதுக்கு அப்புறம் செக் பண்ணுங்க. நல்லா மழை, மரம் விழுந்து லைன் கட்டு, அப்ப டவர் பேட்டரில எவ்ளோ நேரம் நிக்குதுனு பாக்கணும். எங்க பக்கம் ஒரு டவர் மத்த நேரமெல்லாம் நல்லா இருக்கும், கரண்ட் போன கொஞ்ச நேரத்துலயே அதுவும் படுத்துடும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்த ஆள் வரமாட்டான். இன்னொரு கம்பெனி டவர் ஸ்பீடு கம்மி தான், ஆனா மறுநாள் காலைல வரைக்கும் உசுரோட இருக்கும். யானை கரண்ட் இருக்கும்போது மட்டும் வர்றதில்லயே.


காந்திபுரம்_ரைடர்

எல்லாரும் கவரேஜ் கவரேஜ்னு ஒரே பக்கம் போறீங்க, நான் மாத்தி சொல்றேன் கோச்சுக்காதீங்க. நான் கோயம்புத்தூர்ல சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன். கவரேஜ் நல்லா இருக்குன்னு ஒரு 4ஜி சிம் வச்சிருந்தேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட், கிராஸ் கட் ரோடு, தீபாவளி நேரத்துல ஒப்பணக்கார வீதி, ஃபுல் டவர் காட்டும் ஆனா மேப் நகராது, ஆர்டர் அக்செப்ட் பண்ண அமுக்குனா சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்குள்ள ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும். பஸ் கண்ணு முன்னாடி வந்து நிக்குது, படில தொங்கக் கூட எடம் இல்லங்கற மாதிரி தான். டவர் தெரியறது வேற, நமக்கு அதுல எடம் கிடைக்கறது வேற. 5ஜி சிம் மாத்துன பிறகு அதே எடத்துல அதே நேரத்துல வேலை ஆகுது, ஏன்னா அகலமான பேண்டு, இன்னும் எல்லார்கிட்டயும் 5ஜி போன் இல்ல, கூட்டம் கம்மி. அதனால சிட்டில 5ஜிங்கறது ஸ்பீடுக்காக மட்டும் இல்லங்க, நெரிசலுக்காக. அவரு சொன்ன ஆ சிம் சாயங்காலம் படுக்குறதும் இதே கதை தான், அங்க கவரேஜ் குறை ஒண்ணும் இல்ல.


ஆர்எஃப்_அண்ணாச்சி

காந்திபுரம் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நானே எழுதணும்னு இருந்தேன், விட்டுப் போச்சு. டிபிஎம் நம்பர் சிக்னல் வருதானு மட்டுந்தான் சொல்லும், டவர்ல கூட்டம் எவ்வளவுனு சொல்லாது. அத பாக்க ஸ்பீடு டெஸ்ட் ஓட்டணும், அதுவும் காலைல பதினொரு மணிக்கு இல்ல, ராத்திரி எட்டு ஒம்போதுக்கு, ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பாக்குற நேரம். ட்ராயோட மைஸ்பீடு ஆப்பு இருக்கு, அதுல ஓட்டுங்க.

அப்புறம் ஸ்பீடு டெஸ்ட்ல எல்லாரும் டவுன்லோட மட்டும் பாத்துட்டு ஸ்கிரீன்ஷாட் போடுதாங்க. வீட்ல இருந்து வேலை பாக்கவனுக்கு அப்லோடு தான் உசுரு, மீட்டிங்ல உங்க முகமும் குரலும் போறது அதுல தானே. டவர் ஒரு ரேடியோவுக்கே பல பத்து வாட் போட்டுக் கத்தும், உங்க கைல உள்ள போன் 4ஜில அதிகபட்சம் 0.2 வாட்டு. டவர் சொல்றது போனுக்குக் கேக்கும், போன் சொல்றது டவருக்குக் கேக்காது. கோடு இருக்கு ஆனா கால் போவலங்கற கம்ப்ளெயிண்டு பாதி இதுதான். ஓரத்துல போன் முழு சக்தியும் போட்டுக் கத்திக்கிட்டே இருக்கும், பேட்டரி சாயங்காலத்துக்குள்ள காலி, அதுக்கும் 5ஜியத் திட்டுவாங்க.


எல்லாமே5ஜி

சரி பூஸ்டர் மேட்டர் தெரியாது, விடுங்க. ஆனா அன்லிமிடெட் டேட்டா 5ஜில தானே, அது உண்மை தானே?


பந்தலூர்_டீ

உண்மைதான், ஆனா சின்ன எழுத்துல இருக்கறத படிங்க. 2024 ஜூலைல ரேட் ஏத்துனப்ப ஜியோ, ஏர்டெல் ரெண்டும் அன்லிமிடெட் 5ஜிய தினம் 2 ஜிபி, அதுக்கு மேல இருக்கற பிளானுக்குத் தான்னு மாத்திட்டாங்க. அதுலயும் போன் 5ஜில நிக்கும்போது மட்டும் தான் அன்லிமிடெட். ஊருக்கு வந்து 4ஜில இறங்குன உடனே அந்த 2 ஜிபி தேய ஆரம்பிக்கும். வீடியோ மீட்டிங்க மூணு மணி நேரம் ஓட்டி ஒரு விண்டோஸ் அப்டேட்டும் வந்துச்சுனா மத்தியானத்துக்குள்ள தீந்துரும். ஊர்ல 5ஜி இல்லாதவர் 5ஜிக்காக பெரிய பிளான் போடுறது, வாரத்துல பாதி நாள் காசு வேஸ்ட்.


திம்பம்_தாண்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வரும்னு நினைக்கல. வார கடைசில ஊருக்குப் போய் அண்ணாச்சி சொன்ன மாதிரி எழுதிட்டு வந்தேன். படுக்குற ரூம்ல அ சிம் மைனஸ் 118, திண்ணைல 111. ஆ சிம் ரூம்ல மைனஸ் 97, தோட்டத்து மோட்டார் ரூம் கிட்ட 92. பந்தலூர் அக்கா சொன்ன மாதிரி தேடிப் பாத்ததுல நாலு பேர் வந்துச்சு, அதுல ஒண்ணு கர்நாடகா டவர், எப்பவாவது போன் அதுல போய் ஒட்டிக்கிட்டா கன்னடத்துல தான் பேசுது. ராத்திரி ஒம்போது மணிக்கு ஆ சிம்ல டவுன்லோட் 14 எம்பிபிஎஸ், அப்லோட் 6.

ரேஷன் கடைல கேட்டேனுங்க, ஆ கம்பெனி தான் போட்டிருக்காங்களாம். கடைக்கார அண்ணன் சிரிச்சுட்டாரு, இதைக் கேக்கவா கோயமுத்தூர்ல இருந்து வந்தேனு.

அப்பாகிட்ட பட்டன் போன் ஒண்ணு இருக்குது, ரொம்ப பழசு, அதுல இப்ப ஆ சிம் மாதிரியே அதே கம்பெனி தான். அவருக்கும் மாத்தணுமா? அப்புறம் நண்பன் சொன்ன மாதிரி பொறுத்தா 5ஜி இங்க வருமா, அதுவும் யாராச்சும் சொல்லுங்க.


ஆர்எஃப்_அண்ணாச்சி

97க்கும் 118க்கும் 21 டெசிபல் வித்தியாசம். பாக்க சின்ன நம்பரா தெரியும், ஆனா பத்து டெசிபலுக்குப் பத்து மடங்குங்கறது கணக்கு, அப்ப நூறு மடங்குக்கு மேல வலு வித்தியாசம். வேற பேச்சே இல்ல, ஊர்ல ஆ தான். அப்லோட் 6 இருக்குல்லா, மீட்டிங்குக்கு அது தாராளம்.

அப்பா போன் மாத்தாதீங்க. பழைய பட்டன் போன் 2ஜி, அது ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல்னு 2ஜி வச்சிருக்க கம்பெனில தான் வேலை செய்யும். ஜியோ 2016 செப்டம்பர்ல ஆரம்பிச்சதே 4ஜில தான், அவங்ககிட்ட 2ஜியே கெடையாது, அந்த சிம்மப் போட்டா பட்டன் போன் சும்மா கெடக்கும், அதுக்குனு 4ஜி பட்டன் போன் தனியா வாங்கணும். ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்தணும்.

5ஜி வருமானு கேட்டீங்க. ஒரு டவர்ல 5ஜி மாட்டணும்னா மெஷின் செலவு மட்டும் இல்ல, அந்த டவருக்கு ஃபைபர் வேணும், கரண்ட் வேணும், புலிகள் காப்பகத்துக்குள்ள கேபிள் தோண்டணும்னா வனத்துறை அனுமதி வேணும். எத்தன பேரு காசு கட்டுவாங்கனு கணக்குப் போட்டுத்தான் பிரைவேட்டு வருவான். மலை கிராமத்துக்கெல்லாம் 4ஜியே அரசாங்கம் காசு போட்டாத்தான் வருது. 2022 ஜூலைல மத்திய அமைச்சரவை 26,316 கோடி ஒதுக்கி 24,680 கிராமத்துக்கு பிஎஸ்என்எல் மூலமா 4ஜி குடுக்கணும்னு முடிவு எடுத்துச்சு. டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் சேந்து பண்ண நம்ம நாட்டு 4ஜி மெஷின் தான் பிஎஸ்என்எல் டவர்ல போடுதாங்க. இப்பத்தான் 4ஜி வாற எடத்துல 5ஜி எப்பனு யாராலயும் தேதி சொல்ல முடியாது. உங்க நண்பர் சொல்றத நம்பி இன்னைக்கு முடிவு எடுக்காதீங்க. நாளைக்கு வந்தா நாளைக்கு மாறிக்கலாம், நம்பர மாத்தாம கம்பெனிய மட்டும் மாத்துத போர்ட் எதுக்கு இருக்கு.


சேலம்_ரெண்டுசிம்

லேட்டா வரேன். நான் சொல்ல நினைச்சது காசு கணக்கு.

ரெண்டு சிம்முக்கும் முழு ரீசார்ஜ் வேண்டியதில்லங்க. 2024 டிசம்பர்ல ட்ராய் உத்தரவு போட்டு டேட்டா இல்லாம வாய்ஸ், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கற பேக் எல்லா கம்பெனியும் குடுத்தே ஆகணும்னு சொல்லிருச்சு, ஆப்ல மேல காட்ட மாட்டாங்க, கீழ வேல்யூனு எங்கயோ ஒளிச்சு வச்சிருப்பாங்க, தேடுங்க. இப்ப கேள்வி எந்த நம்பருக்கு டேட்டா, எந்த நம்பருக்கு வாய்ஸ் மட்டுங்கறது. இவரு விஷயத்துல பேங்க் நம்பர் அ கம்பெனில இருக்கு, அது ஊர்ல செத்துக் கிடக்கு. ஊர்ல உக்காந்து பணம் அனுப்புனா ஓடிபி வராது, திண்ணைல நின்னு போன தூக்கிப் பிடிக்கணும். அதனால பழைய பேங்க் நம்பர ஆ கம்பெனிக்கு போர்ட் பண்ணிட்டு, சிட்டி 5ஜிக்கு புதுசா ஒரு சிம், கம்மி வேலிடிட்டி டேட்டா பேக், கோயம்புத்தூர்ல இருக்கற நாளைக்கு மட்டும். நம்பர் எல்லா எடத்துலயும் எடுக்கற கம்பெனில இருக்கணும், வேகம் எங்க வேணுமோ அங்க வாடகைக்கு எடுத்துக்கலாம், நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

கம்பெனி பேரு பாத்து விசுவாசம் எல்லாம் வேண்டாம். ஏர்செல் நம்ம ஊர்ல எப்படி இருந்துச்சு, கிராமம் கிராமமா அதுதான். 2018 பிப்ரவரில தமிழ்நாடு முழுக்க டவர் படுத்து, அந்த மாசக் கடைசில திவால்னு மனு போட்டாங்க, சனங்க நம்பர காப்பாத்த போர்ட் கோடு வரலனு கடை கடையா அலைஞ்சாங்க. அப்ப ரெண்டாவது சிம் வச்சிருந்தவன் தப்பிச்சான்.


பந்தலூர்_டீ

சேலத்துக்காரர் சொன்னது சரி, ஆனா போர்ட் பண்றதுக்கு முன்னாடி ஆ சிம் கோயம்புத்தூர் வீட்டுக்குள்ள எப்படி எடுக்குதுன்னும் நம்பர் பாருங்க. சரவணம்பட்டி அடுக்குமாடில கீழ் தளத்துல இருந்தா சிட்டியா இருந்தாலும் சில நேரம் சிக்னல் வராது. அங்க பிராட்பேண்ட் இருந்தா வைஃபை காலிங் ஆன் பண்ணுங்க, ஜியோ, ஏர்டெல் ரெண்டுலயும் எந்த கம்பெனி பிராட்பேண்டா இருந்தாலும் எடுக்கும், தனி சார்ஜ் கிடையாது. என் போன்ல ஓடிபி கூட அதுல வருது, சில மாடல்ல எஸ்எம்எஸ் வராதுனும் சொல்றாங்க, முதல்ல டெஸ்ட் பண்ணிக்கோங்க. ஊர்ல கேபிள்காரர் ஃபைபர் இழுத்திருந்தா கேளுங்க, இருந்தா உங்க பிரச்சனைல பாதி அங்கயே முடிஞ்சுது.

ஃபைபர் இல்லனா சிம் போடுற 4ஜி ரவுட்டர் ஒண்ணு, வெளிய ஆன்டெனா மாட்டுற மாதிரி வாங்கி, ஆன்டெனாவ ஓட்டு மேல டவர் பக்கமா திருப்பி வைங்க. அது பூஸ்டர் இல்ல, அதுவும் ஒரு போன் மாதிரி தான், சட்டப் பிரச்சனை இல்ல. பேண்டு மட்டும் பாத்து வாங்குங்க, பிஎஸ்என்எல்னா பேண்டு 28, அதாவது அண்ணாச்சி சொன்ன அந்த 700 மெகாஹெர்ட்ஸ், எடுக்கணும், விலை கம்மியா கிடைக்குதுன்னு வாங்குற பழைய மாடல் சிலதுல அது இருக்காது. போனுக்கும் இதே தான்.


காந்திபுரம்_ரைடர்

அக்கா சொன்ன ஆன்டெனா ஐடியா சூப்பர். அண்ணா, சிட்டில இருக்கும்போது 5ஜி வந்து போய் வந்து போய் இருந்துச்சுனா, பேசும்போது குரல் கட் ஆகும், வீட்டுக்குள்ள மட்டும் ப்ரிஃபர்ட் நெட்வொர்க்க 4ஜில வச்சுக்கோங்க, வெளிய போகும்போது 5ஜி. பேட்டரியும் நிக்கும்.


திம்பம்_தாண்டி

சரிங்க, கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துட்டேன். பழைய நம்பர ஆவுக்கு போர்ட், கோயமுத்தூருக்கு ஒரு 5ஜி சிம், ஊர்ல ரவுட்டர். கேபிள்கார அண்ணன் ஃபைபர் ஆசனூர் வரைக்கும் வந்துருக்கு, அதுக்கு மேல பாத்துக்கலாம்னு சொன்னாரு, அது எப்ப ஆகும்னு அவருக்கே தெரியல.

ஆனா ஒரு சந்தேகமுங்க, இப்ப ஆ சிம்னு ஒண்ணு கைல இருக்குதே, அத என்ன பண்றது? அப்புறம் அ சிம்ம போன வாரம் தான் இசிம்ல (போனுக்குள்ளயே இருக்கற சிம்) இருந்து சாதா சிம்மா மாத்துனேன், இப்ப போர்ட் போட்டா எடுக்குமா?


சேலம்_ரெண்டுசிம்

எடுக்காம போக வாய்ப்பிருக்கு. சிம் மாத்துனா, ஏழு நாளைக்கு போர்ட் கோடு தரமாட்டாங்க, 2024 ஜூலை 1ல இருந்து இந்த ரூல், சிம் ஸ்வாப் மோசடிய தடுக்கறதுக்கு. ஏழு நாள் தாண்டுன பிறகு அந்த நம்பர்ல இருந்து போர்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு இடம் விட்டு பத்து இலக்க நம்பர் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, எட்டு எழுத்து கோடு வரும், நாலு நாள் தான் செல்லும், அதுக்குள்ள ஆ கம்பெனி கடைல ஆதார் காட்டி புது சிம் வாங்கிடணும். ஒரே சர்க்கிள், அதாவது ஒரே டெலிகாம் மண்டலம்ங்கறதால மூணு வேலை நாள்ல மாறிடும், மாறுற அன்னைக்கு ராத்திரி கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் டவர் இருக்காது, அன்னைக்கு பேங்க் வேலை எதுவும் வச்சுக்காதீங்க. முன்னாடி எப்பவாவது போர்ட் பண்ணிருந்தா 90 நாள் ஆகியிருக்கணும், மாறுன பிறகும் அடுத்த 90 நாள் வெளிய வர முடியாது. கைல இருக்கற ஆ சிம்ம அந்த 4ஜி ரவுட்டர்ல போட்டுருங்க, அதுக்கு டேட்டா பேக் மட்டும் போதும்.


ஆர்எஃப்_அண்ணாச்சி

ரவுட்டர்ல போடுததுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு வாற ஓடிபி, ரீசார்ஜ் மெசேஜ் எல்லாம் ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல படிக்க முடியுமானு பாத்துட்டு மாடல் வாங்குங்க தம்பி, சிலதுல எஸ்எம்எஸ் பாக்க வழியே இருக்காது, ஒவ்வொரு தடவையும் சிம்மக் கழட்டி போன்ல போட்டுப் பாக்கணும்.


திம்பம்_தாண்டி

அடேங்கப்பா, அதை யோசிக்கவே இல்லைங்க. சரி, ஏழு நாள் முடியட்டும், 1900க்கு அனுப்பிட்டு வந்து சொல்றேன். அதுக்குள்ள பேண்டு 28ம் எஸ்எம்எஸும் இருக்கற ரவுட்டர் மாடல் யாராச்சும் பாத்திருந்தா பேரு போடுங்க.